பெட்டிக்குள் ஒரு சென்னை

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு வீணை எடுத்துப் போகிறவர்களிடம் அடிக்கடி கேட்கக் கிடைக்கும் புகார் ஒன்று உண்டு. விமான நிலையத்தில் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும். அன்றிரவே ஆவல் தாங்காமல் திறந்து பார்த்திருப்பார்கள். வீணை முழுசாக இருந்திருக்கும். சுருதி கூட்டி ஒரு வர்ணம்கூட வாசித்திருப்பார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பார்த்தால் குடத்தின் மேல்பலகையில், விளிம்பை ஒட்டி, மயிரிழை போல விரிசல். யாரும் தொடவில்லை, எங்கும் இடிக்கவில்லை. உடனே பழி விமானத்தின் மேல் விழும். அவ்வளவு உயரத்துக் குளிரில் மரம் விறைத்துப் போயிருக்கும், காற்றழுத்தம் குறைந்ததில் பிளந்திருக்கும் என்பார்கள்.

விமானத்தின் வேலை என்றால் அன்றிரவே தெரிந்திருக்க வேண்டாமா? வழியில் தாங்கிய மரம், வந்து இறங்கிய வீட்டின் கூடத்தில் சும்மா சாய்த்து வைத்திருக்கையில் ஏன் வாய் விடுகிறது? இதற்கு விடை தெரிந்தால் வாத்தியத்தைப் பெட்டியில் எப்படி வைப்பது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். மறுபாதி, பெட்டி கீழே விழுவதைப் பற்றியது. இரண்டும் வெவ்வேறு ஆபத்துகள். ஒன்று நாள்கணக்கில் வேலை செய்கிறது, மற்றது நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் முடிந்துவிடுகிறது. பெட்டி இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

முதலில் சரக்கு அறையைப் பற்றிய பயத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஜெட் விமானம் பறக்கும் உயரத்தில் வெளிக்காற்று பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கும் என்பது மெய்தான். ஆனால் நம் பெட்டிகள் அந்த வெளியில் இல்லை. விமானத்தின் உடல் ஓர் உருளை. மேலே பயணிகள் உட்காரும் பகுதிக்கும் கீழே சரக்கு அறைக்கும் சேர்த்தே அதில் காற்றழுத்தம் பராமரிக்கப்படுகிறது. நடுவில் இருக்கும் தளம் அழுத்தத்தைத் தாங்கும் சுவராகக் கட்டப்பட்டதல்ல. அழுத்தம் இரு பக்கமும் வேறுபட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் மிகக் கொடூரமான முறையில் தெரிந்துகொண்டது. 1974 மார்ச்சில் பாரிஸ் அருகே ஒரு டிசி-10 விமானத்தின் சரக்கறைக் கதவு பறந்துபோனது. கீழே அழுத்தம் சட்டென்று இறங்க, மேலிருந்த அழுத்தம் தளத்தை நொறுக்கியது. தளத்தின் ஊடாக ஓடிய கட்டுப்பாட்டு வடங்கள் செயலிழந்தன. 346 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு, மேலும் கீழும் அழுத்தம் உடனுக்குடன் சமமாகும்படி தளங்களில் காற்று வழிகள் வைப்பது கட்டாயமானது.

ஆகவே வீணைக்குக் கிடைக்கும் அழுத்தமும் வீணைக்காரருக்குக் கிடைக்கும் அழுத்தமும் ஒன்றுதான். அது தரைமட்ட அழுத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. 8,000 அடி, அதாவது சுமார் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். ஊட்டியே 2,240 மீட்டர். ஊட்டிக் கச்சேரிக்குப் போகும் வீணையை அழுத்தக் குறைவு ஒன்றும் செய்வதில்லை, ஏனென்றால் குடத்துக்குள் இருக்கும் காற்று மேல்பலகைத் துளைகள் வழியே வெளியேறிவிடுகிறது. வெப்பமும் அப்படியே. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் சரக்கறை உறைநிலைக்கு மேலேயே இருக்கும். வளர்ப்பு நாய்களும் பூனைகளும் அங்கேதான் பயணம் செய்கின்றன.

அழுத்தத்தால் ஒரே ஓர் இடத்தில் சங்கடம் வரும். தண்ணீர் புகாமல் ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பெட்டிகள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. தரையில் மூடியபோது உள்ளே அடைபட்ட காற்று, மேலே போனதும் வெளியே தள்ளப் பார்க்கும். விமானத்தில் வாங்கும் சிப்ஸ் பொட்டலம் உப்பியிருப்பது இதனால்தான். கால் பங்கு வளிமண்டல அழுத்தம் என்றால் சதுர மீட்டருக்கு இரண்டரை டன். அரைச் சதுர மீட்டர் மூடியை ஒரு டன்னுக்கு மேற்பட்ட விசை தள்ளும். எனவே நல்ல பெட்டிகளில் காற்றை மட்டும் விட்டு நீரைத் தடுக்கும் சிறிய வால்வு இருக்கும். வாங்கும்போது அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

குளிரும் அழுத்தமும் குற்றவாளிகள் இல்லை என்றால் மீதி இருப்பது வறட்சி.

காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதைவிட, அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய உச்ச அளவில் அது எத்தனை பங்கு என்பதுதான் மரத்துக்கு முக்கியம். இந்த விகிதத்தை ஒப்பு ஈரப்பதம் என்கிறோம். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்க முடியும். பூஜ்யத்தில் 5 கிராம்தான். சென்னையில் ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும் ஒரு நாளில், கன மீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் நீர் மிதக்கிறது. இப்போது கிளீவ்லேண்டுக்குப் போவோம். 1978-ல் தொடங்கிய தியாகராஜ விழாவுக்காக ஈஸ்டரை ஒட்டி ஆண்டுதோறும் தமிழ்நாட்டிலிருந்து வித்வான்கள் போகிற ஊர் அது. அந்தப் பருவத்தில் இரவில் வெளியே பூஜ்யத்தை நெருங்குவது உண்டு. அந்தக் காற்றில் ஈரம் நிறைந்தே இருந்தாலும் 5 கிராமுக்கு மேல் இருக்க வழியில்லை. அதே காற்றை வீட்டுக்குள் இழுத்து ஹீட்டர் 22 டிகிரிக்குச் சூடாக்குகிறது. நீர் கூடவில்லை, காற்றின் கொள்ளளவு மட்டும் 19 கிராமாகிவிட்டது. ஒப்பு ஈரப்பதம் 25 சதவீதம். வெளியே பனி தூவிக்கொண்டிருக்கும், உள்ளே பாலைவனம். விமானத்தின் உட்புறமும் இதே கணக்குதான். உறைகுளிர்க் காற்றைச் சூடாக்கி உள்ளே விடுவதால் நெடும்பயணத்தில் அங்கே 10 முதல் 20 சதவீதம்வரைதான் இருக்கும். அதிலும் பெரும்பங்கு பயணிகளின் மூச்சிலிருந்து வருகிற ஈரம்.

மரத்துக்கு இதில் என்ன? உயிர் போன பிறகும் மரம் நீரை விடுவதும் வாங்குவதுமாகவே இருக்கிறது. அதன் செல்சுவர்களில் உள்ள செல்லுலோஸ் இழைகள் நீர் மூலக்கூறுகளைத் தம்மோடு பிணைத்து வைத்துக்கொள்கின்றன. பச்சை மரத்தில் குழாய்களுக்குள் தளும்பும் நீர் அறுத்து உலர்த்தும்போதே போய்விடும். பிணைந்த நீர் போகாது. சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதத்துக்கு ஏற்றபடி கூடிக் குறைந்து ஓர் அளவில் நிற்கும். இதைச் சமநிலை ஈரம் எனலாம். கண்டுபிடிக்கும் முறை எளிது. ஒரு மரத்துண்டை எடைபோட்டு, 100 டிகிரிக்குச் சற்று மேலான அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து, மறுபடி எடைபோடுவார்கள். குறைந்தது நீர். அமெரிக்க வனத்துறையின் மேடிசன் நகர ஆய்வுக்கூடம் 1910-லிருந்து இப்படி எண்ணற்ற துண்டுகளை எடைபோட்டு அட்டவணைகளை உருவாக்கியிருக்கிறது. அறை வெப்பத்தில் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் மரத்தில் நிற்கும் நீர் அதன் உலர் எடையில் சுமார் 14 சதவீதம். 50 என்றால் 9. 25 என்றால் ஐந்தரை. மரத்துக்கு மரம் சிறிது மாறும், போக்கு மாறாது.

பிணைந்த நீர் வெளியேறினால் இழைகள் நெருங்கும், மரம் சுருங்கும். எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்கினால் வீணை கொஞ்சம் சிறிய வீணையாகிவிடும், அவ்வளவே. மரம் அப்படிச் செய்வதில்லை. நீளவாக்கில் அது சுருங்குவதே இல்லை எனலாம். பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்வரை பார்த்தாலும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். வயிரத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு பலகையின் இழை ஓடும் திசை, அதை ஒட்டியிருக்கும் மரத்தின் இழைத் திசைக்குக் குறுக்கே அமைந்துவிட்டால், ஒன்று சுருங்க விரும்பும்போது மற்றது விடாது. குடைந்தெடுத்த குடத்தின் வாயில் மேல்பலகையை ஒட்டும் இடம் அப்படிப்பட்டது. விளிம்பை ஒட்டி விரிசல் விழுவதன் காரணம் அங்கே இருக்கிறது.

காலமும் இதில் சேர்ந்துகொள்கிறது. வறண்ட அறையில் வைத்த மரத்தின் மேற்பரப்பு முதலில் நீரை இழக்கிறது, உட்பகுதி பழைய ஈரத்தோடு பருத்தே இருக்கிறது. சுருங்கப் பார்க்கும் தோலை உள்ளிருக்கும் மரம் இழுத்துப் பிடிக்கிறது. இந்த இழுவிசை சில மணி நேரத்தில் தொடங்கி நாள்கணக்கில் ஏறுகிறது. மெல்லிய பலகை சீக்கிரம் காய்கிறது, தடித்த குடம் நிதானமாகக் காய்கிறது. இரண்டுக்கும் இடையிலான பிணக்கு உச்சத்துக்கு வரும்போதுதான் மரம் வாய் விடுகிறது. மூன்றாம் நாள் கணக்கு இப்படித்தான் வருகிறது. வீணை வெடித்தது வானத்தில் இல்லை, ஹீட்டர் ஓடும் கூடத்தில்.

இனி, எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் அழகாகத் தோன்றும் பகுதி. பயணத்தின்போது பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

இதற்கு விடை தேடியவர்கள் இசைக்காரர்களைவிட அருங்காட்சியகத்தார்தான். இரண்டாம் உலகப் போரில் லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்களைக் குண்டுவீச்சிலிருந்து காக்க 1941-ல் வேல்ஸ் நாட்டு மானோட் மலையின் சிலேட்டுச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். உள்ளே செங்கல் அறைகள் கட்டி, வெப்பத்தையும் ஈரத்தையும் மாறாமல் வைத்தார்கள். ஆண்டுதோறும் வண்ணம் உரிந்து மராமத்துக்கு வந்துகொண்டிருந்த மரப்பலகை ஓவியங்கள் அங்கே ஏறக்குறைய மராமத்தே கேட்கவில்லை. போர் முடிந்து லண்டனுக்குத் திரும்பியதும் பழைய தொல்லை திரும்பியது. ஈரம் கூடுதலா குறைவா என்பதைவிட, ஏறி இறங்காமல் இருப்பதுதான் மரத்தைக் காப்பாற்றுகிறது என்பது அப்போது பளிச்சென்று விளங்கியது. அதே கேலரியின் அறிவியல் ஆலோசகர் கேரி தாம்சன், மரம் அடைத்த மூடிய பெட்டியில் வெப்பம் மாறினால் ஈரப்பதம் என்ன ஆகும் என்று ஆராய்ந்து 1964-ல் வெளியிட்டார்.

வெறும் பெட்டியை மூடிக் குளிர வைத்தால் ஒப்பு ஈரப்பதம் ஏறும், ஒரு கட்டத்தில் சுவர்களில் நீர் பூக்கும். மரம் நிறைந்த பெட்டியில் அப்படி நடப்பதில்லை. ஈரப்பதம் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கிறது, குளிர்ந்தால் சற்றுக் குறையக்கூடச் செய்கிறது. ஏன் என்று ஒரு வீணைப் பெட்டியைக் கொண்டே கணக்குப் போடலாம். உள்ளே காற்றுக்குரிய இடம் 250 லிட்டர் என்று வைப்போம். சென்னைக் காற்று அதில் நிறைந்திருந்தால் அந்தக் காற்றிலுள்ள மொத்த நீர் 5 கிராம், ஒரு தேக்கரண்டி. எட்டுக் கிலோ வீணையின் மரத்தில் 12 சதவீத ஈரம் இருந்தால் அதிலுள்ள நீர் 850 கிராம். யார் யாரை ஆள்வார்கள்? காற்று வறண்டால் மரம் ஒன்றிரண்டு கிராமை விட்டுச் சரிசெய்துவிடும். அவ்வளவு சிறிய இழப்பை மரம் உணராது. மூடிய பெட்டிக்குள் வீணைதான் வானிலையைத் தீர்மானிக்கிறது. விமானம் அட்லாண்டிக்கின் மேல் பறந்துகொண்டிருக்கும்போதும் பெட்டிக்குள் சென்னைதான் இருக்கிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு வேண்டியவை தாமாக வந்து விழுகின்றன. பெட்டியின் பொருத்துகள் இறுக்கமாக இருக்க வேண்டும், காற்று தாராளமாகப் போய்வந்தால் ஒவ்வொரு முறையும் சில கிராம் போகும். வாத்தியத்தின் மேல் பருத்தித் துணி சுற்றுவது வெறும் மெத்தைக்காக இல்லை. பருத்தியும் நீரைப் பிணைத்து வைக்கும் செல்லுலோஸ்தான். இரண்டு மூன்று கிலோ வேஷ்டி, புடவைகளை இடைவெளிகளில் திணித்தால் நூறு கிராமுக்கு மேல் நீர் கூடுதல் இருப்பாகக் கிடைக்கிறது, வெளியே போக வேண்டிய ஈரம் முதலில் துணியிலிருந்து போகும். துணி நன்றாக உலர்ந்ததாகவும் சென்னைக் காற்றில் இருந்ததாகவும் இருந்தால் போதும்; ஈரத்துணி வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நல்லெண்ணத்தோடு வீணைப் பெட்டியில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உலர்ந்த ஜெல் ஈரத்தை உறிஞ்ச மட்டுமே செய்யும். எந்த வறட்சிக்குப் பயந்தோமோ அதை நாமே உள்ளே வைத்து மூடுகிறோம். வேண்டியது ஈரம் கூடினால் வாங்கி, குறைந்தால் கொடுக்கும் பொருள். உப்புகளுக்கு அந்தக் குணம் உண்டு. கரையாத உப்பு அடியில் தங்கும் அளவுக்கு நிறைந்த கரைசல், மூடிய இடத்தில் ஒப்பு ஈரப்பதத்தைத் தனக்குரிய ஓர் எண்ணில் நிறுத்திவிடும். சமையல் உப்புக்கு அது 75 சதவீதம், மக்னீசியம் குளோரைடுக்கு 33. ஆய்வகங்களில் ஈரமானிகளைச் சரிபார்ப்பதே இப்படித்தான். வயலின், கிதார் பெட்டிகளுக்கென்று விற்கும் இருவழி ஈரப் பொட்டலங்களிலும் இதே தத்துவம் வேலை செய்கிறது. அவற்றின் மேல் அச்சிட்டிருக்கும் எண் அது நிறுத்தும் ஒப்பு ஈரப்பதம்.

இறங்கிய பின் செய்ய வேண்டியதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், செய்யக் கஷ்டமானதும் அதுவே. பெட்டியைத் திறக்காமல் ஒரு நாளாவது வைக்க வேண்டும். வாசிக்காத நேரமெல்லாம் வாத்தியம் பெட்டிக்குள் திரும்ப வேண்டும். தங்கும் அறையில் நீராவி விடும் கருவி இருந்தால் நல்லது. உள்ளே ஒரு சிறு ஈரமானியை வைத்திருந்தால், எவ்வளவு வேகமாக ஈரம் இறங்குகிறது என்று கண்ணால் பார்த்து முடிவெடுக்கலாம்.

மிருதங்கத்துக்கும் பலா மரம்தான் உடல், ஆனால் அதில் முதலில் பேசுவது தோல். தோல் கொலாஜன் என்ற புரத இழைகளாலானது. வறண்டால் சுருங்கி இறுகும், ஈரத்தில் தளரும். வறண்ட ஊரில் சுருதி தானாக ஏறுவதும், மழை நாளில் இறங்குவதும் இதனால்தான். வலது பக்கத் தலையான வலந்தலையின் நடுவே சாதம் என்று வித்வான்கள் சொல்லும் கறுப்பு வட்டம் இன்னும் நுட்பமானது. சாதாரண முரசின் தோல் எழுப்பும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாதவை. நடுவில் எடை ஏற்றிய மிருதங்கத் தோலில் மட்டும் அவை தந்தி வாத்தியம் போல் இசைந்து வருகின்றன என்பதை சி.வி. ராமன் 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் எழுதினார். 1934-ல் விரிவாக நிறுவினார். மாவுபோல் அரைத்த கல்லையும் சாதத்தையும் குழைத்து, மெல்லிய அடுக்குகளாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் அந்த வட்டம், தோல் அளவுக்கு மீறிச் சுருங்கினால் பொருக்குதிரும். அதனால் மிருதங்கம் பயணம் போகும்போது வாரின் இறுக்கத்தைக் கொஞ்சம் குறைத்து, இரு தலைகளையும் துணியால் மூடி, மேலே தட்டையான பலகையோ தடித்த அட்டையோ வைத்துக் கட்டுவது நல்லது. கடம் இந்தக் கவலைகளுக்கெல்லாம் அப்பாற்பட்டது. சுட்ட மண்ணுக்கு ஈரம் ஏறி இறங்குவது பொருட்டில்லை, விழுந்தால்தான் ஆபத்து.

வீணையில் மரத்தைத் தவிர மெழுகும் இருக்கிறது. சுரத்தானங்களைக் குறிக்கும் 24 மெட்டுகளும் தேன்மெழுகு சேர்ந்த கறுப்புக் கலவையில்தான் பதிந்திருக்கின்றன. தேன்மெழுகு 62 டிகிரியை ஒட்டி உருகும், அதற்கு வெகு முன்பே இளகிவிடும். நன்றாகக் குளிர்ந்தால் நொறுங்கும் குணம் வந்துவிடும். ஆக மெட்டுகளுக்கு விமானத்தைவிட ஓடுதளத்தில் மே மாத வெயிலில் நிற்கும் சாமான் வண்டியும், மூடிய காரின் பின்பெட்டியும்தான் எமன். இளகிய மெழுகின் மேல் இறுக்கமாக எதையாவது வைத்து அழுத்தியிருந்தால் மெட்டு கொஞ்சம் நகர்ந்துவிடும். பிறகு வாத்தியம் தெரிந்த கைவினைஞர் உட்கார்ந்து ஒவ்வொரு சுரமாகச் சரிபார்த்துப் பதிக்க வேண்டியதுதான். வெளிநாட்டில் அவரை எங்கே தேடுவது? மெட்டுகளின் மேல் எந்தப் பொருளும் படாமல் இடம் விடுவதும், பெட்டியின் வெளிப்புறம் வெளிர் நிறமாக இருப்பதும் சின்ன விஷயங்கள்தான், பலன் பெரிது.

இனி அந்த மறுபாதி, விழுவது.

பெட்டி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவு அடிபடும் என்று கேட்டால் பலரும் உயரத்தையும் எடையையும் நினைப்பார்கள். விழும் வேகம் உயரத்தால் வருகிறது, சரி. சேதம் நிற்கும் விதத்தால் வருகிறது. மாம்பழக் காலத்தில் மரத்தின் மேல் ஒருவர் கிளையை உலுக்க, கீழே இருவர் நான்கு மூலையும் பிடித்து வேட்டி விரித்து நிற்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பாறையில் விழும் பழம் ஓரிரு மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும், சிதறிவிடுகிறது. வேட்டியில் விழும் பழம் ஒரு முழம் இறங்கி நிற்கிறது, வடுப்படுவதில்லை. அதே வேட்டியைத் தளர்த்திப் பிடித்தால் பழம் துணியோடு தரையைத் தொட்டுவிடும். விறைப்பாக இழுத்துப் பிடித்தால் அடிபட்டுத் துள்ளும்.

இதை எண்ணாக மாற்றுவதும் சுலபம். விழுந்த தூரம், நிற்பதற்குக் கிடைத்த தூரத்தைப் போல் எத்தனை மடங்கோ, வாத்தியம் ஏறக்குறைய தன் எடையைப் போல் அத்தனை மடங்கு விசையை அந்தக் கணத்தில் உணரும். 90 சென்டிமீட்டர் விழுந்து ஒரு மில்லிமீட்டரில் நின்றால் 900 மடங்கு. ஐந்து சென்டிமீட்டரில் நின்றால் 18 மடங்கு. நிஜமான நுரைப்பஞ்சு முழுத் தடிமனும் அமுங்காது, ஆரம்பத்தில் மென்மையாகவும் முடிவில் கடினமாகவும் எதிர்க்கும் என்பதால் நடைமுறையில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும். அப்படியும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். பெட்டியின் கடினமான ஓடு குத்துகளைத் தடுக்கும். விழுவதிலிருந்து காப்பது உள்ளே இருக்கும் அந்த ஐந்து சென்டிமீட்டர்தான்.

நுரைப்பஞ்சு எவ்வளவு அதிகமோ அவ்வளவு பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. எட்டுக் கிலோ வீணையின் அடிப்பாகம் முழுவதையும் அகலமான கெட்டி நுரையில் பதித்துவிட்டால், எடை பரந்துபோய் நுரை அமுங்கவே அமுங்காது. விறைத்த வேட்டியின் கதை. தாங்கும் பரப்பைச் சில இடங்களுக்குக் குறுக்கினால்தான் அது இறங்கிக் கொடுக்கும். எந்தெந்த இடங்கள் என்பதை வாத்தியத்தின் உருவம் சொல்லும். பெட்டி மல்லாந்து விழும்போது குடம் நுரையில் நின்றுவிடுகிறது. அந்தரத்தில் நீளும் தண்டியும், தந்திகளை முறுக்கும் பிரடைகளின் எடையைச் சுமக்கும் யாளித் தலை முனையும் நிற்பதற்கு ஆதாரம் இல்லாமல் இன்னும் கீழே போகப் பார்க்கின்றன. மொத்த விசையும் தண்டி குடத்தோடு சேரும் மூட்டில் குவிகிறது. ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையானாலும், துண்டுகளை இணைத்த ஒட்டு வீணையானாலும் அந்த இடம் பலவீனம்தான். ஒட்டில் இன்னும் அதிகம். கிதார்களின் தலைப்பகுதி முறிவதும் இதே காரணத்தால்தான். ஆகவே குடத்தின் கீழ், மூட்டின் கீழ், யாளியின் கழுத்தின் கீழ் என்று மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் ஒரே அளவு இறங்கும்படி தாங்கல் வேண்டும். தண்டியின் கீழ் மாட்டும் சுரைக்காயைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். குதிரை, பிரடை, மெட்டு எதுவும் மூடியைத் தொடக்கூடாது. பெட்டியைக் குலுக்கினால் உள்ளே எதுவும் அசையவும் கூடாது. அசையும் பொருள், ஓடு நின்ற பிறகு தனியாக ஒரு முறை மோதும்.

பெட்டிகள் உண்மையில் எப்படிக் கையாளப்படுகின்றன என்பதும் ஊகம் இல்லை. முடுக்கமானி பொருத்திய பெட்டிகளைச் சாமான்களோடு அனுப்பிப் பதிவுகளைப் படித்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்தார் இந்த அறிவையெல்லாம் திரட்டி 1991-ல் லண்டனில் ஒரு மாநாடே நடத்தினார்கள். அடியின் பெரும்பகுதி பறக்கும்போது வருவதில்லை. கை மாறும் இடங்களில், நகரும் பட்டையில் ஏற்றி இறக்கும் இடங்களில் வருகிறது. பாரமான பெட்டி குறைந்த உயரத்திலிருந்தே விழுகிறது, இலேசான சிறிய பெட்டிதான் தூக்கி எறியப்படுகிறது. சுலபமாகப் பிடிக்கக் கைப்பிடியும் உருட்டச் சக்கரமும் வைப்பது, 'உடையும் பொருள்' என்று ஒட்டும் சீட்டைவிட எனக்கு நம்பகமாகத் தோன்றுகிறது. நேரடி விமானம் கிடைத்தால் காசு கூடுதலானாலும் அதுதான் மேல், கை மாறுவது பாதியாகக் குறையும்.

தந்திகளைத் தளர்த்த வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். கொஞ்சம். இழுவையில் இருக்கும் மரம் ஏற்கெனவே சுமை சுமக்கிறது, விழும் அடி அதன் மேல் சேரும். ஒன்றிரண்டு சுரம் இறக்கினால் போதும். வயலினில் முழுவதும் தளர்த்திவிட்டால் வேறு ஆபத்து. அதன் வயிற்றுக்குள் மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே நிற்கும் சவுண்ட் போஸ்ட் பசையால் ஒட்டப்பட்டதல்ல, தந்திகள் குதிரையை அழுத்தும் அழுத்தத்தால் நிற்கிறது. அழுத்தம் போனால் சாய்ந்துவிடும்.

வயலினைக் கையோடு எடுத்துப் போகலாம். அமெரிக்காவில் 2012-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2015-ல் நடைமுறைக்கு வந்த விதி, மேலே இடம் இருக்கும்வரை சிறிய வாத்தியத்தைக் கேபினில் அனுமதிக்க வேண்டும் என்கிறது. பெரியதற்குத் தனி இருக்கை வாங்கலாம்; 75 கிலோவுக்கு உட்பட்டிருக்க வேண்டும். மின்னணுத் தம்பூராவின் உதிரி லித்தியம் பேட்டரிகள் கேபினில்தான் வர வேண்டும் என்பதற்கும் நல்ல காரணம் இருக்கிறது. சரக்கறையில் தீயை அணைக்கும் ஹேலான் வாயு, லித்தியம் பேட்டரி தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு எரியும் வினையை நிறுத்துவதில்லை. கேபினில் என்றால் யாராவது புகையைப் பார்ப்பார்கள், தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். பழைய தஞ்சாவூர் வீணைகளில் யானைத் தந்தமும், கஞ்சிராவில் உடும்புத் தோலும் உண்டு. இரண்டுமே பன்னாட்டு வன உயிர் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. தாளில்லாமல் போனால் சுங்கத்தில் வாத்தியத்தையே இழக்க நேரலாம். கஞ்சிராவுக்கு ஆட்டுத்தோல் போட்டுக்கொள்வது உடும்புக்கும் நல்லது, பயணத்துக்கும் நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் வறண்ட ஊரில் விரிசல் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மனம் பதறி அங்கேயே பசையோ மரத்தூளோ வைத்து அடைக்கத் தோன்றும். அடைக்கக் கூடாது. அந்த இடைவெளி மரம் சுருங்கியதால் வந்தது, மரம் தொலைந்து போனதால் இல்லை. அடைத்த வீணை சென்னைக்குத் திரும்பினால் மரம் மறுபடி ஈரம் வாங்கிப் பருக்கும். திரும்பிச் சேர வேண்டிய இடத்தில் வேறு பொருள் உட்கார்ந்திருப்பதால் இரு பக்கமும் நெருக்குண்டு விரிசல் முனையில் இன்னும் நீளும். வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து, தந்திகளை இறக்கி, இருவழி ஈரப் பொட்டலத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, சில வாரம் நம் ஊர்க் காற்றில் விட வேண்டும். பல விரிசல்கள் தாமாக மூடிக்கொள்ளும். மூடிய பிறகு கைவினைஞர் மெல்லிய பசை விட்டு இறுக்குவார். பிரடைகளையும் அந்த வாரங்களில் அவ்வப்போது திருப்பிப் பார்க்க வேண்டும். வறண்ட ஊரில் நழுவுகிறதே என்று அழுத்திச் செருகியவை இங்கே பருத்து, துளைக்குள் அசையாமல் இறுகிவிடும்.